மாசி முதல் சித்திரை வரை வீட்டு மரங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து பனி குறைந்ததும் ஆரம்பித்துவிடும். முதலில் மாமரம் பூத்துக் குலுங்கும் போட்டோ வரும், கொஞ்ச நாளில் அதே மரத்தின் பூ கருகிய போட்டோ, அப்புறம் தரையெல்லாம் பிஞ்சு கிடக்கும் போட்டோ. கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

நான் இருப்பது திருச்சிப் பக்கம். சொல்லியிருக்கும் மாதக் கணக்கெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளிக்குத்தான். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இது பொருந்தாது.

நம்ம ஊர்ல வெயில், மழை ரெண்டு காலம்தானே? இதுல வசந்தகாலப் பராமரிப்புன்னு தனியா என்ன இருக்கு?

காலண்டரை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். மாசியில் அரசமரம் மொட்டையாகி, பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். புங்கை அப்படியே. வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டு, தளிரும் பூவுமாகச் சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்குத் தயாராக நிற்கும். மா பிஞ்சு பிடித்திருக்கும், பலா அடிமரத்தில் காய் விட்டிருக்கும், முருங்கை பூத்துத் தள்ளும். மரங்களுக்கு வருஷத்திலேயே அதிக வேலை இந்த மூன்று மாதத்தில்தான்.

சிக்கல் என்னவென்றால், வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு போய்விடுகிறது. மரம் அதிகம் செலவு செய்யும் நேரமும் மண் காய ஆரம்பிக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. அதனால் இந்தப் பருவத்தில் நமக்கு இருக்கும் முக்கிய வேலை, மண்ணில் இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றுவதும் தேவையில்லாமல் கத்தியைத் தூக்காமல் இருப்பதும்தான். கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்தே வருபவை.

வேப்பமரம் இலை பூரா கொட்டிடுச்சு. செத்துப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஒரு சின்னக் குச்சியை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மேல்தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது, இரண்டு மூன்று வாரத்தில் தளிர் வரும். காய்ந்து பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போய்ச் சுரண்டிப் பாருங்கள். நுனிக்குச்சி காய்ந்திருப்பதால் மட்டும் மரம் செத்துவிட்டது என்று ஆகாது. புங்கை, சீத்தா, நாட்டு வாதாம் எதற்கும் இதே சோதனைதான்.

இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்பு. ஆனால் இலை உதிராமல், தீயில் வாட்டியதுபோல் குச்சியிலேயே பழுப்பாகிச் சுருண்டு தொங்கினால் அது நோய். சமீப வருஷங்களில் வேம்பில் இது நிறையத் தெரிகிறது. தேயிலைக் கொசு என்கிற ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி தளிரைக் குத்த, கூடவே பூசணமும் சேர்ந்துகொண்டு நுனியிலிருந்து கருக ஆரம்பிக்கிறது. வளர்ந்த மரம் வெயில் ஏறியதும் தானாகவே துளிர்த்துத் தேறிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கலாம். கைக்கு எட்டுகிற காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள், அது போதும். உயரமான மரத்துக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிடுவது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

கொட்டுற இலையை என்ன சார் பண்றது? தினமும் கூட்டி எரிச்சு மாளல.

எரிக்காதீர்கள், அதுதான் உங்கள் கோடைக்கால மூடாக்கு. கூட்டுகிற இலையை அப்படியே மரத்தைச் சுற்றிய பாத்தியில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். கீழே மண் வெயிலில் வேகாது, ஊற்றிய தண்ணீர் ஆவியாகாது, ஆடி மாதத்துக்குள் பாதி மக்கியிருக்கும். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுவிட வேண்டும். பட்டையோடு ஒட்டி ஈரச்சருகு கிடந்தால் பட்டை அழுகும், கரையானும் வரும். மேலே சொன்ன நோய்ப்பட்ட வேப்பங்குச்சி, புழு விழுந்த மாங்காய் இரண்டையும் மூடாக்கில் சேர்க்க வேண்டாம்.

பாம்பு வருமே என்று கேட்பார்கள். முழங்கால் உயரத்துக்குக் குவித்து வைத்தால் எலி வரும், அதன் பின்னால் பாம்பும் வரும். குவிக்காமல் பரப்புங்கள் என்று சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.

தண்ணி தினமும் ஊத்தணுமா? எவ்வளவு ஊத்தணும்?

தினமும் ஒரு வாளி என்பதுதான் நான் பார்க்கிற மிகப் பெரிய தவறு. ஒரு வாளித் தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்தை நனைத்துவிட்டு மதியத்துக்குள் ஆவியாகிவிடும். வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படரும், மேலே படர்ந்த வேர்தான் கத்திரி வெயிலில் முதலில் வாடும். அதற்குப் பதில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, ஒரு அடி ஆழமாவது நனையும்படி, நிதானமாக விடுங்கள். ஒரு நீளமான கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள், ஈரம் இருக்கிற ஆழம்வரை சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். இதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடைக்காது.

இன்னொன்று, அடிமரத்தில் ஊற்றாதீர்கள். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே குறைவு. உச்சிவெயிலில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பை ஒட்டி வட்டப்பாத்தி எடுத்து அதில் விடுங்கள். காய்க்கும் தென்னைக்கு மட்டும் கணக்கு பெரியது. அடியிலிருந்து 6 அடி ஆரத்தில் பாத்தி எடுத்து, மாசியிலிருந்து வைகாசி வரை 6 நாளுக்கு ஒரு முறை 400 லிட்டர் அளவுக்கு விடச் சொல்கிறார்கள், சொட்டுநீர் என்றால் தினமும் 65 லிட்டர். வீட்டில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்றால், முடிந்ததை விடுங்கள், மூடாக்கைத் தடிமனாகப் போடுங்கள். தேங்காய் மட்டை இருந்தால் குழிவுப் பக்கம் மேலே பார்க்கும்படி பாத்தியில் புதைத்து வையுங்கள், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும்.

மாமரம் பூவா இருக்கும்போது தண்ணியே விடக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். காய்ப்புக்கு வந்த மரத்துக்குப் பூ வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தண்ணீரை நிறுத்த வேண்டும். அந்த வாட்டத்தில்தான் மரம் தழைப்பதை விட்டுவிட்டுப் பூ எடுக்கும். நிறைய ஈரமும் தழைச்சத்தும் இருந்தால் தை மாதத்தில் பூவுக்குப் பதிலாகச் செந்தளிர் வந்து நிற்கும், அந்தக் கிளையில் இந்த வருஷம் எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது.

ஆனால் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் தண்ணீர் கட்டாயம் வேண்டும். முதல் தடவையே குளம்போல் நிரப்பாமல், கொஞ்சமாக ஆரம்பித்து இரண்டு மூன்று முறையில் கூட்டுங்கள். காய் பறிக்க இரண்டு வாரம் இருக்கும்போது மறுபடி குறைத்தால் பழம் இனிக்கும். நட்டு மூன்று வருஷம் ஆகாத கன்றுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது, அதைக் காயவிடாதீர்கள்.

துணி துவைச்ச தண்ணி, ஆர்.ஓ. மெஷின்ல வர்ற வேஸ்ட் தண்ணி விடலாமா?

ஆர்.ஓ. கழிவுநீரில் என்ன இருக்கிறது? உங்கள் போர் தண்ணீரில் இருந்த உப்பு முழுவதும் பாதித் தண்ணீரில் அடங்கி இருக்கிறது. ஏற்கெனவே உப்புத்தண்ணீர் என்பதால்தானே மெஷின் வாங்கினீர்கள். தென்னை ஓரளவு தாங்கும், எலுமிச்சையும் மாவும் தாங்காது, இலை விளிம்பு கருகி வருவதில் தெரிந்துவிடும். வீடு துடைக்க, கழிவறைக்கு என்று திருப்பிவிடுங்கள்.

துணி துவைத்த தண்ணீரில் முதல் தண்ணீர் வேண்டாம், சோடா உப்பு அதிகம். கடைசியாக அலசிய தண்ணீரை வாழை, கல்வாழை, தென்னை பக்கம் விடலாம். ஒரே மரத்துக்கே மாதக்கணக்கில் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள், மழைக்காலத்தில் அந்த உப்பு அடித்துக்கொண்டு போய்விடும். காய்கறி, அரிசி கழுவிய தண்ணீருக்கு எந்த மறுப்பும் இல்லை.

மாமரத்துல பூ கொள்ளையா வந்துச்சு, எல்லாம் கருகிப்போச்சு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு வீட்ல சொல்றாங்க.

கண் வைத்தது தத்துப்பூச்சியாக இருக்கும். காலையில் மரத்தடியில் நின்று ஒரு பூங்கொத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். கோதுமை மணியைவிடச் சின்னதாக, ஆப்பு வடிவத்தில் பூச்சிகள் பொலபொலவென்று தெறிக்கும், இலைமேல் விழும் சத்தம்கூடக் காதில் கேட்கும். அவை பூக்காம்பில் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற கழிவை விடும். கீழ் இலைகள் பளபளவென்று பிசுபிசுக்கும், அதன் மேல் கரும்பூசணம் படரும். பூங்கொத்தின்மேல் திருநீறு தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது வேறு, சாம்பல் நோய். பூக்காலத்தில் மூடுபனியோ திடீர் மழையோ வந்து பூ கறுத்திருந்தால் அது இன்னொரு பூசணம்.

தத்துப்பூச்சிக்கு, பூங்கொத்து நீளும்போதே, அதாவது பூ விரியும் முன்பே, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதிசோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது. எண்ணெய் அடித்த மரத்தில் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். உச்சிவெயிலிலும் வேண்டாம்.

பூ நன்றாக விரிந்திருக்கும்போது எதையும் அடிக்காதீர்கள். மாவில் மகரந்தச் சேர்க்கை செய்வது பெரும்பாலும் ஈக்கள்தான், நாம் அருவருப்பாகப் பார்க்கும் சாதாரண ஈ உட்பட. மரம் பூராவும் ஈ மொய்க்குதே, மருந்தடிக்கட்டுமா என்று வருஷா வருஷம் யாராவது கேட்கிறார்கள். அடித்தால் ஈயும் போகும், காயும் போகும்.

பட்டாணி சைஸ்ல பிஞ்சு கொட்டிக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்துறது?

முழுக்க நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், அதில் பெரும்பகுதி ஆண் பூ. மீதியிலும் மரம் தாங்கக்கூடிய ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடும். பட்டாணி அளவில் கொட்டுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். கோலிக்குண்டு அளவைத் தாண்டியும் கொட்டினால்தான் யோசிக்க வேண்டும். அப்போது முதல் சந்தேகம் தண்ணீர்மேல், பாத்தியில் கம்பியைக் குத்திப் பாருங்கள். இரண்டாவது, விழுந்த பிஞ்சை நறுக்கிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் சரியாக இருந்தும் கொட்டினால் உரக்கடையில் கிடைக்கும் என்.ஏ.ஏ. பயிர் ஊக்கியைப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் தெளிக்கலாம். அதிகம் போட்டால் அதுவே பிஞ்சை உதிர்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பலாவுலயும் பிஞ்சு கறுத்துக் கறுத்து விழுது. அதுக்கும் தண்ணிதானா?

இல்லை, அது பிஞ்சே இல்லை. பலாவில் ஆண் பூங்கதிர் தனி, பெண் பூங்கதிர் தனி. நீங்கள் பார்ப்பது ஆண். விரல் கனத்தில் வழவழப்பாக, பெரும்பாலும் மெல்லிய கிளைகளில் இருக்கும். மகரந்தத்தைக் கொட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது, கறுத்துப் பூசணம் பிடித்து விழும். பெண் பூங்கதிர் அடிமரத்திலும் தடித்த கிளையிலும், தடித்த காம்போடு, மேலே சின்ன முள் முளைத்ததுபோல் இருக்கும். அது கறுத்து அழுகினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் அழுகியதைப் பறித்து அப்புறப்படுத்துவதே பாதி வைத்தியம். பக்கத்துக் காயில் தொத்திவிடாமல் இருக்கும்.

தென்னை ஓலை மேல கறுப்பா மை தடவின மாதிரி இருக்கு, கீழ இருக்கிற கொய்யா இலையும் அப்படியே. என்ன நோய்?

ஓலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளைப் பொடியில் விரலால் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடித்தார்கள், இப்போது அது இல்லாத தென்னை அரிது. மழைக்குக் குறையும், மாசிக்கு மேல் காய்ந்த வெயிலில் பெருகும். கறுப்பு என்பது மாமரத்தில் சொன்ன அதே கரும்பூசணம்தான், பூச்சியின் தேன்கழிவு சொட்டுகிற இடமெல்லாம் படரும். கொய்யா, சப்போட்டா, வாழை எல்லாவற்றிலும் வரும்.

கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்கிற ஒரு நுண்ணிய குளவி இயற்கையாகவே தோட்டங்களில் இருக்கிறது, மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். குட்டை மரமாக இருந்தால் ஓஸ் குழாயை விரலால் அழுத்திப் பிடித்து ஓலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். மஞ்சள் தாளிலோ பழைய டின்னிலோ விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டினால் ஈ ஒட்டிக்கொள்ளும். கறுப்பை எடுக்க, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து இலைமேல் தெளித்தால், வெயிலில் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும்போது பூசணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். பார்க்கவே நன்றாக இருக்கும்.

குரும்பையும் சேர்ந்து கொட்டுதே?

குரும்பை, அதாவது தென்னம்பிஞ்சு, பாதிக்கு மேல் கொட்டுவது இயல்பு. மொத்தமும் கொட்டினால் தண்ணீரோ சாம்பல் சத்தோ (பொட்டாஷ்) போதவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பாளை வெடித்ததிலிருந்து நெற்று ஆக ஒரு வருஷம் ஆகும். இந்தக் கோடையில் காயப்போட்டால் அடுத்த வருஷக் குலையில்தான் தெரியும், அப்போது தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்து ஏன் பயனில்லை என்று கேட்பீர்கள்.

வெயிலுக்கு முன்னாடி எல்லா மரத்தையும் கவாத்து பண்ணிடலாமா? ஆள் வேற வந்திருக்கார்.

ஆள் வந்திருக்கிறார் என்பதற்காகக் கிளையை வெட்டக் கூடாது. அந்த மரம் எந்தக் கொம்பில் காய்க்கும் என்று தெரிந்துகொண்டால் எப்போது வெட்டலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். மா முதிர்ந்த நுனிக்கொம்பில் பூக்கும். இப்போது வெட்டினால் காயோடு சேர்த்து வெட்டுகிறீர்கள். காய் பறித்து முடித்தபின் ஆடி, ஆவணியில் வெட்டினால் அதில் துளிர்த்த கொம்பு தை மாதத்துக்குள் முதிர்ந்துவிடும். கொய்யா நேர் எதிர், புதுத்தளிரில்தான் பூ எடுக்கும். மாசி, பங்குனியில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு சாண் போல வெட்டிவிட்டால் பக்கத்தளிர் நிறைய வரும், புரட்டாசி, ஐப்பசியில் இன்னொரு முறை செய்யலாம். சீத்தாவையும் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது, தளிர் வருவதற்கு முன் வெட்டலாம்.

எலுமிச்சையில் காய்ந்த குச்சியையும், நடுவிலிருந்து நேராக வானத்தைப் பார்த்து முள்ளோடு கிளம்பும் போத்தையும் எடுத்தால் போதும். சப்போட்டாவைத் தொடவே வேண்டாம், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளுவதைத் தவிர. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது எந்த மரத்திலும் ஆகாது. அது வேர்ச்செடியின் கிளை, விட்டால் ஒட்டையே மூடிவிடும்.

நிழல் மரங்கள், வேம்பு புங்கை பூவரசு எல்லாம், இந்தப் பருவத்தில் மொட்டை அடிக்கக் கூடாது. இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டைமேல் சித்திரை வெயில் நேராக விழுந்தால் பட்டை வெடிக்கும். தவிர, வருஷம் பூரா நிழலுக்கு வளர்த்துவிட்டு வெயில் வரும்போது வெட்டுவதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

வெட்டின இடத்துல சாணி பூசணுமா, சிமெண்டு பூசணுமா?

சிமெண்டு வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரத்தை அடைத்து வைத்து மரத்தை அழுகவிடும். காயம் ஆறுவது பூசுவதைவிட வெட்டுவதில்தான் இருக்கிறது. கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு, சற்றே புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்கு வெளியே வெட்டுங்கள், அங்கிருந்துதான் புதுப்பட்டை உருண்டு வந்து காயத்தை மூடும். தாய்மரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினாலும் ஆறாது, முழ நீளம் கட்டை விட்டாலும் ஆறாது. கனமான கிளையில் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அதிலிருந்து சற்றுத் தள்ளி மேலிருந்து அறுங்கள், கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகாது. மிச்சக் கட்டையைக் கடைசியில் எடுக்கலாம்.

கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுக்குப் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் தனித்தனியாக அரை லிட்டரில் கரைத்து அப்புறம் சேர்க்க வேண்டும், பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ. இரும்புப் பாத்திரத்தை அது அரித்துவிடும்.

மரத்துல கரையான் மண்ணு ஏறியிருக்கு, மருந்து ஊத்தணுமா? சுண்ணாம்பு அடிச்சா போதுமா?

வளர்ந்த மரத்தில் கரையான் தின்பது பெரும்பாலும் மேலே இருக்கும் செத்த பட்டையைத்தான். மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுப் பாருங்கள், அடியில் பட்டை முழுசாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சின்னக் கன்று என்றால் கதை வேறு, வேரோடு முடித்துவிடும், வேப்பம்புண்ணாக்கைப் பாத்தியில் கலந்துவிடுங்கள். சுண்ணாம்பு அடிப்பது நல்லதுதான், முக்கியமாக மேற்கு வெயில் படும் அடிமரத்துக்கு, வெள்ளை நிறம் சூட்டைத் திருப்பிவிடும். சாதாரணக் கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும், மிஞ்சிய பெயின்ட் டப்பாவை மரத்தில் காலி பண்ணாதீர்கள்.

கரையானைவிட ஒன்றைக் கவனியுங்கள். மாமரத்தில் ஒரு ஓட்டையும் அதற்குக் கீழே மரத்தூளும் தெரிந்தால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. வளைந்த சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிட்டு ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கிளை முழுசாகப் போகும்.

முருங்கை பூத்துப் பூத்துக் கொட்டுது, ஒரு காய்கூட நிக்கல. எரு நிறைய போட்டிருக்கேன்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. முருங்கைக்கு ஊட்டம் கூடினாலும் ஈரம் கூடினாலும் இலைதான் தழைக்கும். எருவை நிறுத்துங்கள், சாக்கடை ஓரமாக இருந்தால் அந்த ஈரத்தைத் திருப்பிவிடுங்கள். மண் காய்ந்தபின்தான் தண்ணீர். காய்ப்பு முடிந்ததும் மூன்று நாலு அடி உயரத்தில் வெட்டிவிட்டால் அடுத்த முறை கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும், காற்றுக்கும் முறியாது. முருங்கைக் கொம்பை நம்பி யாரும் ஏறக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலுமிச்சைத் தளிர்ல பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கு, மறுநாள் பார்த்தா இலையக் காணோம்.

அந்த எச்சம்தான் புழு. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குஞ்சு, சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல் வேஷம் போடும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கறிவேப்பிலையிலும் வரும். வீட்டுச் செடியில் கையால் எடுத்துவிடுவதே போதும். கன்றாக இல்லாமல் பெரிய மரமாக இருந்தால் நான் விட்டுவிடச் சொல்வேன், நாலு இலை போனால் ஒன்றும் ஆகாது. இலைக்குள் வெள்ளிக் கோடுபோல் வளைந்து வளைந்து போயிருந்தால் அது இலைத்துளைப்பான், முன்பு சொன்ன அதே அளவு வேப்பெண்ணெய்க் கரைசலைத் தளிர் வரும்போதே தெளியுங்கள்.

இப்போ உரம் வைக்கலாமா?

ரசாயன உரம் வேண்டாம். காய்ந்த மண்ணில் உரம் வைத்துத் தண்ணீரும் குறைவாக விட்டால் வேர் வெந்துவிடும். தென்னைக்கு ஆனி, ஆடியிலும் மார்கழி, தையிலும், மாவுக்குப் புரட்டாசி வாக்கில் மழையை ஒட்டியும் வைப்பதுதான் முறை. இப்போது எதையாவது செய்தே தீர வேண்டும் என்றால் மக்கிய எருவை மூடாக்குக்கு அடியில் போடுங்கள், அல்லது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து மாலையில் தெளியுங்கள். மக்காத சாணியைத் தென்னையடியில் கொட்டாதீர்கள், காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அதில்தான்.

பத்து வருஷமா காய்க்கல. ஆணி அடிச்சா, உலக்கையால அடிச்சா காய்க்கும்னு சொல்றாங்க, உண்மையா மாமா?

முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் தொல்லை. இலையில் தயாராகும் சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டையைக் காயப்படுத்தினால் அது கொஞ்ச நாள் மேலேயே தங்கும், சில சமயம் பூ வரும். ஆனால் அதே காயம் வழியாகப் பூசணமும் துளைப்பானும் உள்ளே போகும், பட்டையைச் சுற்றிலும் எடுத்துவிட்டால் மரமே போய்விடும். பூக்காத மாமரத்தில் நான் முதலில் பார்ப்பது வேறு. கொட்டை போட்டு முளைத்ததா, ஒட்டுக்கன்றா? ஒட்டு மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும், கொட்டை மரம் எட்டு பத்துகூட எடுக்கும். பக்கத்தில் மாடி எழும்பி வெயில் மறைந்துவிட்டதா? ஐப்பசியிலிருந்து தினமும் தண்ணீர் போகிறதா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கிறது என்றால் அது சில ரகங்களின் குணம், நீலம் போன்றவை அப்படி ஏமாற்றாது.

கல்டார் ஊற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தோப்புக்காரர்கள் செப்டம்பர் வாக்கில் வேரில் ஊற்றுவது அது. தளிர் வளர்ச்சியை அடக்கிப் பூக்கவைக்கும், மண்ணில் நெடுநாள் தங்கும். பங்குனியில் ஊற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, வீட்டுத் தோட்டத்துக்கு எப்போதுமே தேவையில்லை.

மாமரத்துல முசுறு கூடு கட்டியிருக்கு. அழிக்கலாமா, விடலாமா?

முசுறு என்றால் விடலாம். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு புழு, தத்துப்பூச்சி, பழ ஈ எல்லாவற்றையும் விரட்டும். காய் பறிக்கிறவர் திட்டுவார், அவ்வளவுதான். மாவுப்பூச்சியோடு அலையும் சின்னக் கறுப்பு எறும்பு வேறு சாதி, அது தேன்கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கிறது. அதைத் தடுக்க அடிமரத்தில் ஒரு பாலிதீன் பட்டையைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். நேராகப் பட்டைமேல் தடவக் கூடாது.

வெளிய பார்த்தா நல்லா இருக்கு, அறுத்தா உள்ள புழு. முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா?

மாங்காயில் பழ ஈ குத்திய இடத்தில் ஊசிமுனை அளவு புள்ளியும், சுற்றிலும் மெத்தென்றும் இருக்கும், ஆனால் மரத்தில் இருக்கும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். கோடை மழை பெய்தபின் இது கூடும், முன்கூட்டியே பறிக்கிற காயில் குறைவு. பறிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே மெத்தைல் யூஜினால் என்கிற வாசனைப் பொருள் வைத்த பொறியைக் கட்டுங்கள். ஆண் ஈ மட்டும்தான் அதில் விழும், அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து கட்டினால்தான் பலன் தெரியும். விழுந்த பழத்தை மரத்தடியில் விடாதீர்கள், புழு அதிலிருந்து வெளியே வந்து மண்ணுக்குள் போய்த்தான் அடுத்த ஈ ஆகிறது. இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருந்தால் அது வேறு பூச்சி, பிஞ்சிலேயே உள்ளே போய்விட்டது, சதைப்பகுதியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

நர்சரியில நல்ல கன்னு வந்திருக்கு. இப்பவே நடலாமா?

வாங்குங்கள், நடாதீர்கள். பையிலேயே அரைநிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். குழியை மட்டும் இப்போது மூன்றடிக்கு மூன்றடி எடுத்துப் போட்டால் கோடை வெயிலில் மண் நன்றாகக் காய்ந்து ஆறும். ஆடி மழையிலோ ஐப்பசியிலோ நடலாம். ஏற்கெனவே நட்ட மரத்தை இடம் மாற்றுவதும் அப்போதுதான்.

கிளை பக்கத்து வீட்டு மாடியில போய் நிக்குது, அவங்க உடனே வெட்டச் சொல்றாங்க. ஆனா அதுல காக்கா கூடு இருக்கு. என்ன பண்றது?

பங்குனி முதல் ஆனி வரை காக்கை கூடு கட்டும் காலம், உள்ளே குயில் முட்டையும் இருக்கலாம். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒன்றரை மாதம் போல ஆகும். பக்கத்து வீட்டில் போய் நேராகச் சொல்லுங்கள், குஞ்சு போனதும் வெட்டிவிடுகிறேன் என்று, எந்த மாதம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். மறுக்கிறவர்களிடம், கூட்டைக் கலைத்தால் இரண்டு வாரத்துக்கு மாடியில் வற்றல் காயவைக்க முடியாமல் காக்கை தலையில் கொத்தும் என்பதையும் சொல்லலாம். மின்கம்பியில் உரசுகிற கிளை என்றால் காத்திருக்க வேண்டாம், நீங்களாக ஏறவும் வேண்டாம், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தியபின்தான் ஆளை ஏற்றுங்கள்.